பத்தாவது அடுக்கு

வெள்ளியம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்புப் படிகத்தின் மேல் வெள்ளியை அணு அணுவாகப் படிய வைப்பதுதான் அவளுக்குப் பல வருடங்களாக வேலை. முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. இப்போது சம்பளப் பிரிவில்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று புரியும்.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய ஒரே தங்கைதான் குட்டி. முப்பது தாண்டி, இயற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கி, தலையில் ஒன்றிரண்டு நரையும் எட்டிப் பார்த்தாயிற்று. வீட்டில் இன்னும் குட்டிதான். வேறொரு ஊரில் ஒப்பந்தம் முடிந்து அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த சமயம், வெள்ளியம்மாவின் பேராசிரியர் அளவெடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "எங்க குட்டி இருக்காளே சார்" என்று வாயைத் திறந்தது வெள்ளியம்மாவேதான். பின்னால் அதை நினைத்து எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்ல இருந்தாலே குக்கர் விசில் அடிக்கும். இங்க காத்தே இல்லாத டப்பாவுக்குள்ள ரெண்டு பேரையும் விட்டிருக்காங்க" என்று பம்ப் மெக்கானிக் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளியம்மாவும் சிரித்தாள்.

அந்த டப்பா ஆள் உயரத்துக்கு எஃகினால் ஆன கலம். அதற்குள்ளிருந்து காற்றை அநேகமாக முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். நடுவில் விரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புப் படிகம், திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்பட்டிருக்கும். காலையில் வெள்ளியம்மா மூசை என்கிற சிறிய உருக்குக் கிண்ணத்தில் வெள்ளியை உருக்கி ஆவியாக்குவாள். மூசையின் மேலிருக்கும் ஷட்டரைத் திறந்தால் ஆவி போய்ப் படிகத்தில் மெல்லிய படலமாகப் படியும். ஓர் அணு கனம் ஓர் அடுக்கு. அதை எண்ணிக்கொண்டே இருந்து, சரியான நொடியில் மூடுவாள். மத்தியானம் குட்டியின் முறை. படலத்தின் மேல் புற ஊதா ஒளியை அடிப்பாள். வெள்ளிக்குள்ளிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். எவ்வளவு ஆற்றலோடு வருகின்றன என்று அளந்தால், உள்ளே எந்த நிலையில் இருந்தன என்று தெரிந்துவிடும். அவ்வளவு மெல்லிய படலத்தில் எலக்ட்ரான்கள் நினைத்த இடத்தில் இருக்க முடியாது. குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில்தான் இருக்கும். வரைபடத்தில் அவை சிகரங்களாகத் தெரியும். ஓர் அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் சிகரங்கள் இடம் மாறிவிடும். எந்த அடுக்குக்கு எங்கே சிகரம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த கோடு ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. அந்தக் கோட்டில் புள்ளிகளை ஒவ்வொன்றாக உட்கார வைப்பதுதான் அவர்கள் திட்டம்.

குட்டி வருவதற்கு முன் சிகரங்கள் மழுங்கலாகத்தான் வந்தன. அவள் வந்த சில மாதங்களில் ஊசி மாதிரி வர ஆரம்பித்தன. புள்ளிகள் பழக்கப்படுத்திய நாய்க்குட்டிகள்போல் கோட்டின் மேல் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. பேராசிரியர் வாயெல்லாம் பல்.

வெள்ளியம்மாவுக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் காலை மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூசையின் சூடு நிலைக்கவில்லை, வெள்ளி விட்டுவிட்டுப் படிந்தது. இன்றைய படலம் குப்பைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் குட்டி வந்து, "அண்ணி, இன்னைக்கு எத்தனை அடுக்கு?" என்று கேட்டபோது, "எட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பிவிட்டாள். மறுநாள் வரைபடத்தைப் பார்த்தாள். எட்டு அடுக்குக்கு எங்கே வர வேண்டுமோ அங்கே, ஊசிச் சிகரம்.

நான் போட்ட படலம் எனக்குத் தெரியாதா என்று அவள் மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. அன்றிலிருந்து அந்தக் குரல் ஓயவில்லை.

குட்டி தினமும் முன்கூட்டியே அடுக்கு எத்தனை என்று கேட்பது அதுவரை சாதாரணமாகத் தெரிந்தது. இனி அப்படித் தெரியவில்லை. எத்தனை என்று தெரிந்தால் போதுமே, சுவரில் இருக்கும் கோட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரைபடம் போட்டுவிடலாமே. ஏதோ எடுக்க அறைக்குள் நுழைந்தபோது, குட்டி திரையில் இருந்த இரண்டு வரைபடங்களில் ஒன்றைச் சட்டென்று மூடினாள். "என்ன குட்டி அது?" என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பம்ப் மெக்கானிக் வேறு ஒருநாள், "உங்க வீட்டுப் பொண்ணு ஞாயித்துக்கிழமையும் வந்துடுதே, டபுள் சம்பளமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் "வெளிய போயிட்டு வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் குட்டி போவாள். அந்த வெளியே இதுதானா?

அதோடு, மூசையில் வெள்ளி சீக்கிரம் தீர்ந்துபோனது. கலத்தைத் திறந்து நிரப்பும்போது மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது உருக்கி எடுத்துட்டுப் போறாங்களோ?" என்று கண்ணடித்தார். அதில் இருக்கும் வெள்ளியில் எறும்புக்குக்கூடக் கொலுசு செய்ய முடியாது. ஆனால் வெள்ளியம்மாவால் சிரிக்க முடியவில்லை. எங்கே போகிறது?

அன்று இரவு உணவுக்குப் பிறகு கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, குட்டி சின்ன வயசுல பொய் சொல்லுவாளா?"

"ஏன், எதையாவது உடைச்சுட்டாளா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சி இது இல்லையே." அவர் சட்டையை வைத்துவிட்டு யோசித்தார். "அவ பொய் சொல்ல மாட்டா. ஆனா கேட்டாத்தான் உண்மையைச் சொல்லுவா. என்ன விஷயம்? லேப்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

எப்படிச் சொல்வது? உங்கள் தங்கை ஆராய்ச்சி முடிவுகளை உட்கார்ந்து வரைந்து தள்ளுகிறாள் என்றா? அப்படிச் சொல்லிவிட்டு, நாளைக்கு அது இல்லையென்று ஆனால், இந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவது?

ஆகவே சொல்லாமலே ஒரு சோதனை வைத்தாள். பட்டியலில் மிச்சமிருந்தது பத்தடுக்குப் படலம் மட்டும்தான். காலையில் ஷட்டரைத் திறந்து, ஒன்பதாவது அடுக்கு முடிந்ததும் மூடிவிட்டாள். மத்தியானம் குட்டி வந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு எத்தனை?"

"பத்து."

"கடைசி! சரி அண்ணி, நீங்க கிளம்புங்க. லேட்டாகுது பாருங்க."

சாயங்காலம் முழுக்க வெள்ளியம்மா ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். 'அண்ணி, நீங்க எண்ணினது தப்பு, ஒன்பதுதான் இருக்கு' என்று குட்டி வந்து சொன்னால் போதும், அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். குட்டி கொஞ்சம் தாமதமாக வந்தாள். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"எப்படி வந்துச்சு?" வெள்ளியம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணி. பத்து அப்படியே பளிச்சுனு தெரியுது."

கரண்டி தட்டில் விழுந்தது. "கை வழுக்கிடுச்சு" என்றாள் வெள்ளியம்மா.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பேராசிரியர் வரைபடத்தைச் சுவரில் ஒளிரவிட்டார். "பத்தும் வந்துடுச்சு. கட்டுரை அநேகமா தயார். இந்த வாரமே அனுப்பிடலாம்." மெக்கானிக் உட்பட எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

வெள்ளியம்மா எழுந்தாள். "அது பத்து இல்ல சார். நான் போட்டது ஒன்பதுதான்."

பேராசிரியருக்குப் புரியவில்லை. "பத்துன்னுதானே குறிச்சிருக்கு?"

"வேணும்னேதான் பத்துன்னு சொன்னேன். நான் என்ன சொல்றேனோ அதுவே கிராஃப்ல வருதான்னு பார்க்கணும்னு தோணிச்சு. வந்துடுச்சு."

குட்டியின் முகம் வெளுத்துவிட்டது. பேராசிரியர் ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"படலம் இன்னும் உள்ளதானே இருக்கு? வாங்க, இப்பவே பார்த்துடுவோம்."

அவரே உட்கார்ந்தார். யாரையும் கருவியில் கை வைக்க விடவில்லை. புற ஊதா விளக்கைப் போட்டு, படிகத்தைத் திருப்பி, எலக்ட்ரான்களை எண்ண விட்டார். திரையில் புள்ளிகள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. சிகரம் எழுந்தது.

பத்து.

அவர் படிகத்தைச் சற்று நகர்த்தி, இன்னோர் இடத்தில் அளந்தார். பத்து. கருவியின் அளவுகோலைச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் அளந்தார். பத்தேதான்.

"எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போயிருக்கலாமே" என்றார் பேராசிரியர். குரல் மென்மையாக இருந்தது. அந்த மென்மைதான் சுட்டது.

"இல்ல சார். ஒன்பதுல மூடினேன்."

"அப்ப இது என்ன?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். நாத்தனார்மேல் பழி போட இவளே ஏதோ செய்திருக்கிறாள் என்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் நினைப்பது அவளுக்குத் தோலில் உறைத்தது. அதைவிட மோசம், அவளுக்கே அவள் கைமேல் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே பத்து போட்டுவிட்டேனா? இத்தனை நாளும் தப்புத் தப்பாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேனா?

"அண்ணி சரியாத்தான் சொல்றாங்க சார்" என்றாள் குட்டி. "அவங்க போட்டது ஒன்பதுதான். பத்தாவதை நான் போட்டேன்."

பேராசிரியர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"மத்தியானம் அளந்து பார்த்தேன். ஒன்பதுல இருந்துச்சு. அண்ணி ஒண்ணை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். அதான் மூசையைச் சூடாக்கி இன்னொரு அடுக்கு போட்டேன். அப்புறம் படலத்துக்கு லேசா சூடு காட்டி, திரும்பக் குளிர வெச்சு அளந்தேன்."

"சூடு எதுக்கு?" பேராசிரியர் கேட்டார்.

"குளிர்ல படியறப்ப மேடு பள்ளமா நிக்குது சார். சூடு காட்டினா சமமாயிடுது. பீக் கூர்மையாயிடுது."

"இது முதல் தடவையா?"

குட்டி இல்லையென்று தலையை ஆட்டினாள். "எல்லாப் படலத்துக்கும் சூடு காட்டியிருக்கேன். சிலதுக்கு வெள்ளியும் சேர்த்திருக்கேன். எவ்வளவு சூடு தாங்கும்னு ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்."

வெள்ளி போன இடம் வெள்ளியம்மாவுக்கு விளங்கிவிட்டது. மூடப்பட்ட வரைபடம் எது என்றும் விளங்கிவிட்டது. சூடு காட்டுவதற்கு முன்னால் எடுத்தது, அவளுடைய மழுங்கல் சிகரம். போலி இல்லை என்றதும் வர வேண்டிய நிம்மதி வரவில்லை. எத்தனை படலம் போட்டாள், எவ்வளவு பெருமைப்பட்டாள்! ஒன்றுகூட அவள் விட்டுப்போனபடி இல்லை.

பேராசிரியர் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார். "குளிர்ந்த இரும்பு மேல நேரடியாப் போட்ட படலம்னு கட்டுரையில எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு எவனாவது அதைப் படிச்சுட்டு அதே மாதிரி செஞ்சு பார்த்தா என்ன வரும்? இது வராது. அப்ப யாரைத் திருடன்னு சொல்லுவான்? என்னைத்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அளவெல்லாம் நிஜம். ஆனா எதை அளந்தோம்னே எனக்குத் தெரியாது. ஒருத்தர் மறைச்சீங்க, ஒருத்தர் பொறி வெச்சீங்க. முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்பப் போடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு. ஒருத்தர் கை வைக்கும்போது இன்னொருத்தர் பார்த்துட்டு இருக்கணும்."

அவர் போனதும் இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் வெள்ளியம்மா.

"சொன்னேனே அண்ணி. வந்த புதுசுல. 'படலம் கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கு'ன்னு. ரெண்டு நாள் நீங்க என்கிட்ட பேசல. சாப்பாட்டுத் தட்டை டொக்குனு வெச்சீங்க."

"நான் ஒண்ணும் டொக்குனு வெக்கல."

"வெச்சீங்க அண்ணி. அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'லேப் விஷயத்தை லேப்லயே விட்டுடு குட்டி, எனக்கு வீட்ல நிம்மதி வேணும்'னாரு. நானும் அங்கயே விட்டுட்டேன்."

"ஓ, அவர் வேற இதுல கூட்டா?"

குட்டிக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண் கலங்கியது. வெள்ளியம்மா நகர்ந்து உட்காரவில்லை. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"ஒண்ணு சொல்லு. என்னைக் காப்பாத்தணும்னு செஞ்சியா, இல்ல நான் இல்லாமலே உன்னால முடியும்னு செஞ்சியா?"

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல காப்பாத்தணும்னுதான். அப்புறம் நல்லா வர ஆரம்பிச்சதும்... ரெண்டாவதும் இருந்துச்சு அண்ணி. இல்லேன்னு சொல்ல முடியல."

வெள்ளியம்மாவுக்கு அந்தப் பதில் வலித்தது. ஆனால் நம்ப முடிந்தது.

"நீங்க மட்டும்?" என்றாள் குட்டி. "எல்லார் முன்னாடியும் என்னைத் திருடி மாதிரி நிக்க வெச்சீங்களே. வீட்ல ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறோம். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டு, நீ இல்லேன்னு சொல்லியிருந்தா, நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் வெள்ளியம்மா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வாக்கியம் என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று மாலை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டது டிரைவிங் மாஸ்டரைத்தான். "நான் நிம்மதிதானே கேட்டேன், அது ஒரு குத்தமா?" என்று அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மறுநாளிலிருந்து மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலை அவர் தலையில் விழுந்தது.

வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. சிறிய அறையில் இரண்டு நாற்காலிகள். வெள்ளியம்மா ஷட்டரைத் திறக்கும்போது குட்டி பக்கத்தில் நின்றாள். குட்டி அளக்கும்போது வெள்ளியம்மா நின்றாள். முதல் படலம் திரையில் வந்தபோது சிகரம் சப்பையாக, கலங்கலாக இருந்தது. குட்டி சூட்டை ஏற்றினாள். திரும்பக் குளிர வைத்து அளந்தாள். அதே படலம், வெள்ளியம்மாவின் கண் எதிரே, கூராக நிமிர்ந்தது. சூட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வரைபடங்களையும் அவள் அருகருகே வைத்துப் பார்த்தாள். மறுக்க ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்போல இருக்கே" என்றாள். குட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, "தாங்கும் அண்ணி" என்றாள்.

ஆனாலும் மனம் உடனே கழுவிவிட்ட பாத்திரம் ஆகிவிடுமா? காலையில் வந்ததும் வெள்ளியம்மா மூசையை எட்டிப் பார்ப்பாள். தான் பார்ப்பதைக் குட்டி பார்க்கிறாளா என்றும் பார்ப்பாள். குட்டியும் இப்போதெல்லாம் எந்தப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னும், "அண்ணி, இதை அழுத்தறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். அது மரியாதையா குத்தலா என்று தெரியவில்லை. மாதக் கடைசியில் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். "உங்க மேல கோபமெல்லாம் இல்ல அண்ணி, நடந்தே போயிடலாம்ல, அதான்" என்றாள். வெள்ளியம்மா பாதி நம்பினாள். குட்டியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் வந்தாள்.

ஏழடுக்குப் படலத்தில் மீண்டும் சிக்கல். ஒரே ஒரு சிகரம் வர வேண்டிய இடத்தில் இரண்டு குள்ளச் சிகரங்கள் வந்தன. படலத்தில் ஓரிடம் ஆறாகவும் ஓரிடம் எட்டாகவும் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு படலம் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் அப்படியே. பழைய வரைபடத்தில் மட்டும் ஏழு ஊசி மாதிரி நின்றது.

வெள்ளியம்மாவுக்குள் அந்தப் பழைய குரல் மறுபடி கேட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாளே, இது மட்டும் எப்படி? இந்த முறை அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குட்டி, நேராவே கேக்கறேன். அந்தப் பழைய ஏழு எப்படி வந்துச்சு?"

குட்டியின் காது சிவந்தது. "தெரியல அண்ணி. நிஜமாவே வந்துச்சு. இப்ப ஏன் வரலன்னு எனக்கும் புரியல."

"வேற எதுவும் செய்யல?"

"எதுவும் செய்யல."

வெள்ளியம்மா எழுந்தாள். "சரி, அப்ப அன்னைக்கும் இன்னைக்கும் என்ன மாறியிருக்குன்னு தேடுவோம்."

தேடியதில் பகல் முழுக்கப் போயிற்று. சமீபத்தில் மறுபடி வெள்ளி நிரப்பக் கலத்தைத் திறந்து மூடியதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டிருக்கிறது என்று முதலில் தெரிந்தது. பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கண்ணாடி வழியாக விளக்கடித்துப் பார்த்தார்கள். படிகத்தின் சூட்டைக் காட்டும் மெல்லிய கம்பி, அதன் இடத்தைவிட்டு ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. படிகம் கொதித்தாலும் கருவி குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி அவர்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடு காட்டியிருந்தார்கள்.

"என் கை பட்டிருக்கும்" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "நல்லவேளை, இந்தத் தடவை ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படாம என்னைக் கூப்பிட்டீங்க."

கலத்தைத் திறந்து, கம்பியைப் பொருத்தி, காற்றை மறுபடி உறிஞ்சி எடுக்கப் பல நாட்கள் ஆயின. பிறகு போட்ட ஏழு, ஏழாகவே வந்தது. ஒற்றைச் சிகரம். பேராசிரியரைக் கூப்பிடக் குட்டி போனைக் கையில் எடுத்தாள். வெள்ளியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. அன்னைக்கு அந்தப் பழைய ஏழு பத்தி நான் அப்படிக் கேட்டதுல உனக்குக் கோபமா?"

"இல்ல அண்ணி" என்றாள் குட்டி. சற்றுப் பொறுத்து, "கொஞ்சம்" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.